பன்னிரண்டரை மணித் தண்ணீர்

பேனாவை அவள் கையில் கொடுத்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றே முக்கால். கையெழுத்துப் போட வேண்டிய பத்துப் பேரில் ஒன்பது பேர் போட்டாயிற்று. பத்தாவது இடத்துக்கு நேராக வக்கீல் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார், அவளுக்கு இடம் தெரியாமல் போய்விடுமோ என்ற அக்கறையில். ஐந்து மணிக்கு மத்தியஸ்தரின் கார் புறப்பட வேண்டும். அதற்குள் சண்டை நிறுத்த ஒப்பந்தம் இரண்டு பக்கத்து முகாம்களுக்கும் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் கைதிகளின் லாரி கிளம்பும். அந்த லாரியில் அவள் மகன் இருந்தான்.

"முழுசும் குடுங்க, படிக்கணும்" என்றாள்.

வக்கீல் சிரித்தார். கடைசிப் பக்கம் மட்டும் போதும் என்றார். ஒன்பது பக்கமும் சட்ட பாஷை, தலை சுற்றும் என்றார். அவள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். மூடியின் சத்தம் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது.

ஊருக்கு அவள் வால்வக்கா. பதினெட்டு வருஷமாகத் தண்ணீர் திறந்து விடுகிற வேலை. அதற்கு முன் அந்த வேலையில் இருந்தது அவள் கணவர். அவர் காய்ச்சலில் போனதும், வாரிசு வேலையாக அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கச் சொன்னார்கள். அவளோ அவருடைய சாவியையே கேட்டாள். ஆள் உயர இரும்புச் சாவி அது. மேலே குறுக்காக இரண்டு கைப்பிடி. தரைக்கடியில் இருக்கிற வால்வுத் தொட்டிக்குள் இறக்கி வால்வின் தலையில் மாட்டிப் பதினாலு சுற்றுச் சுற்ற வேண்டும். பொம்பளையால் ஆகிற காரியமா என்று ஒரு வாரம் வேடிக்கை பார்க்க ஆள் வந்தது. எட்டாம் நாள் வேடிக்கை பார்த்தவர்களுக்கே அலுத்துப்போனது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு தப்பு செய்தாள். யாரோ ஒரு மேலதிகாரியின் மச்சான், அவள் லீவில் இருந்த நாளுக்கான பதிவேட்டை நீட்டி, சும்மா ஒரு கையெழுத்து என்றான். அவளும் போட்டாள். அன்றைக்கு எவனோ வால்வை ஒரேயடியாகத் திறந்து குழாய் வெடித்து ஒரு வீட்டின் சுவர் விழுந்திருந்தது. மூன்று மாதம் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. அதிலிருந்து பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் கசக்கிப் போடுவாள். இதை அந்த வக்கீல் விசாரித்து வைத்திருக்கலாம்.

ஊர் இரண்டாகி இரண்டு வருஷம் ஆகிறது. பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேடு, இந்தப் பக்கம் பள்ளம். யார் முதலில் அடித்தது என்று கேட்டால் இரண்டு பக்கமும் வேறு வேறு தேதி சொல்வார்கள், இரண்டு தேதியும் சரியாகத்தான் இருக்கும். ரோட்டின் இரு ஓரத்திலும் மணல் மூட்டை, மூட்டைக்குப் பின்னால் துப்பாக்கி, துப்பாக்கிக்குப் பின்னால் நேற்று வரை பள்ளிக்கூடம் போன பிள்ளைகள். இரண்டாம் மாதமே வீட்டுக் குழாய்கள் எல்லாம் உடைந்துபோயின. மிஞ்சியது ரோட்டின் நட்ட நடுவில், வால்வுத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஆறு குழாய்கள். பம்பு நிலையத்துக்கு மின்சாரம் வருவது பகல் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை. மற்ற நேரத்து மின்சாரம் ஆஸ்பத்திரிக்கும் இரண்டு முகாம்களுக்கும் போய்விடும். ஆக, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும்தான்.

ஏழாம் மாதம் தையல்காரரின் மனைவி மூன்றாவது குழாயடியில் சுருண்டு விழுந்தாள். வால்வக்காவின் பக்கத்து வீட்டுக்காரி. குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. குடம் மட்டும் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. போய் வால்வை மூடவும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

மறுநாள் வால்வக்கா சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் மேட்டுக் காவலுக்கும், பிறகு பள்ளத்துக் காவலுக்கும் நடந்தாள். இரண்டு இடத்திலும் ஒரே பேச்சுதான். "நான் தொட்டி மூடியில மூணு தடவை தட்டினா தண்ணி வருதுன்னு அர்த்தம். தண்ணி நிக்கிற வரைக்கும் துப்பாக்கியைக் கீழ வைங்க. உங்க வீட்டுலயும் இந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறாங்க." பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்று பன்னிரண்டரைக்கு அவள் மூன்று தட்டுத் தட்டினாள். அன்றிலிருந்து அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. யாரும் அதை எழுதி வைக்கவில்லை. யாரிடமும் அனுமதி கேட்கவும் இல்லை. ஊரின் பெரிய மனிதர்களுக்கு அது தெரியவே தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மத்தியானம் அவர்கள் சாப்பிட்டுக் கதவைச் சாத்திக் கண்ணயர்கிற நேரம். சாயங்காலம் எழுந்து பார்த்தால் வீட்டில் குடம் நிறைந்திருக்கும். குடம் என்றால் நிறைந்துதானே இருக்கும்.

மகனைப் பிடித்துக்கொண்டு போனது பத்தாம் மாதத்தில். எலக்ட்ரீஷியன். மேட்டுப் பக்கத்தில் ஒரு மோட்டாரைச் சரிசெய்யப் போனவனை உளவாளி என்று முகாமில் அடைத்துவிட்டார்கள். பதினாலு மாதத்தில் இரண்டு கடிதம். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அவனுடைய சட்டையை அவள் இன்னும் துவைக்கவில்லை.

பிறகு வெளியூரிலிருந்து மத்தியஸ்தர் வந்தார், ரிட்டையரான நீதிபதி. பக்கத்துக்கு ஐந்து பேர், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று விதி போட்டார். பள்ளத்துக் குழுவுக்குத் தலைவர் மில்லுக்காரர். அவர் வால்வக்காவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவள் அதிகம் பேச மாட்டாள். மேட்டுப் பக்கத்தில் தலைமையாசிரியர் அதே கணக்கில் நர்ஸம்மாவைப் பிடித்துப் போட்டிருந்தார். இரண்டு பேரும் ஒப்புக்குச் சப்பாணி. பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம் செல்லும் என்ற விதி மட்டும் ஆண்களே கேட்டு வாங்கியது. ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

இரண்டாம் கூட்டத்திலேயே அவள் தண்ணீர் பற்றிச் சொன்னாள். அதெல்லாம் அப்புறம் துணைக் குழுவில் என்றார் வக்கீல். அன்றைய குறிப்பில் 'பெண்கள் நலன் பேசப்பட்டது' என்று எழுதினார்.

இப்போது ஒன்பது பக்கமும் அவள் முன்னால் இருந்தது. விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தாள். மத்தியஸ்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பழைய தபால் அலுவலகத்தின் மாடி அது. கீழே வாசலில் கைதிகளின் வீட்டுக்காரர்கள் காத்திருந்த சலசலப்பு ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. நான்காம் பக்கத்தில், ஏழாவது விதியில், அவள் விரல் நின்றது.

தினமும் பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை பெரிய ரோடு முழுவதுமாக மூடப்படும். இரு தரப்பும் அந்த நேரத்தில் சோதனை நடத்திக் காவலை மாற்றிக்கொள்வார்கள். அப்போது ரோட்டில் தென்படுகிற எவரும் எதிரியாகக் கருதப்படுவர். ஒன்பதாம் பக்கத்தில் இன்னொன்று: இதற்கு முன் இருந்த வாய்மொழி ஏற்பாடுகள் அனைத்தும் இத்துடன் முடிவுக்கு வருகின்றன.

அவள் நான்காம் பக்கத்துக்கே திரும்பினாள். ஏன் பன்னிரண்டிலிருந்து மூன்று என்று கேட்டாள். தலைமையாசிரியர் பொறுமையாக விளக்கினார். மொத்த ஒப்பந்தத்திலும் சண்டையே இல்லாமல் நிறைவேறிய ஒரே விதி அதுதானாம். கடை அடைத்திருக்கும், எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள், யாருக்கும் தொந்தரவு இல்லை.

"அந்த நேரத்துல ரோட்டுல யாரும் இருக்க மாட்டாங்களே" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

அவள் சொன்னாள். ஆறு குழாய், மூன்று தட்டு, தையல்காரரின் மனைவி, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் மில்லுக்காரர் எழுந்து, ஒரு நிமிஷம் வாம்மா என்று வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"லாரியில ஏத்தியாச்சாம். இப்பத்தான் தகவல் வந்துச்சு. நீ கையெழுத்துப் போட்டா ஆறு மணிக்கு உன் புள்ள உன் வீட்டுல இருப்பான். இந்தத் தண்ணி விஷயத்தை நானே துணைக் குழுவுல பேசி முடிச்சுத் தர்றேன்."

"எப்ப ஐயா?"

"அடுத்த மாசம் கூடும்."

"நாளைக்குப் பன்னிரண்டரைக்குத் தண்ணி வருமே."

ஒரு மாதம் திறக்காமல் இருந்தால் என்ன என்று கேட்டார். அவர் வீட்டில் ஆழ்குழாய்க் கிணறும் டீசல் மோட்டாரும் இருந்தன. ஒரு மாதம் தண்ணீர் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவருக்கு விளக்க அவளிடம் நேரம் இல்லை.

அவள் கை கையெழுத்துப் போடத்தான் துடித்தது. இதை மறைக்க ஒன்றும் இல்லை. பெற்ற வயிறு. லாரியின் பலகையில் அவன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்றுகூடத் தெரிந்தது, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சின்ன வயதில் உட்கார்வது போல. போட்டுவிட்டால் என்ன? நாளைக்குப் பன்னிரண்டரைக்கு இவளே போய் எல்லோரையும் தடுத்து நிறுத்தலாம். ஒரு நாள் தடுக்கலாம், இரண்டு நாள் தடுக்கலாம். மூன்றாம் நாள் தாகம் தாங்காமல் ஒருத்தி குடத்தோடு இறங்குவாள். இந்த முறை சுட்டவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. விதிப்படி சுட்டான் என்பார்கள், விதிக்குக் கீழே இவள் கையெழுத்து இருக்கும்.

உள்ளே வந்தாள். "நான் போட மாட்டேன்" என்றாள்.

வக்கீல்தான் முதலில் வாயைத் திறந்தார். ஒரு குழாய்க்காக ஐந்து கூட்டத்து உழைப்பைக் கெடுப்பதா, இதற்குத்தான் இவர்களையெல்லாம் உள்ளே விடக் கூடாது என்பது என்று ஆரம்பித்தவர், மத்தியஸ்தர் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினார்.

அதுவரை தலை நிமிராமல் இருந்த நர்ஸம்மா கையை நீட்டினாள். இரண்டு பேரும் ஐந்து கூட்டங்களில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள், ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"எந்தப் பக்கம்கா?"

வால்வக்கா நான்காம் பக்கத்தைத் தள்ளிவிட்டாள். நர்ஸம்மாவுக்கும் கடைசிப் பக்கம் மட்டும்தான் தந்திருந்தார்கள். பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் நிற்பவள். தண்ணீர் பிடிக்க அவள் வந்ததில்லை. இரண்டு தடவை படித்தாள். பிறகு தன் பக்கத்து ஆண்களைப் பார்த்து, "என் பொண்ணு அஞ்சாவது குழாயில பிடிப்பா. பன்னண்டு வயசு" என்றாள். பேனாவைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் தன் கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

தலைமையாசிரியர் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். மத்தியஸ்தர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். விதியை மாற்றினால் இரண்டு முகாம் தலைவர்களும் மறுபடி ஒப்புக்கொள்ள வேண்டும், விடிவதற்குள் நடக்காது. நாளை காலை பத்து மணி வரை இருக்கிறேன், அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட இல்லை என்றார். முகாமுக்கு ஃபோன் போனது. லாரியிலிருந்து ஆட்களை இறக்கச் சொன்னார்கள். அதை அவள் காதால் கேட்டாள்.

மாடிப்படி இறங்குவதற்குள் விஷயம் வாசலுக்குப் போய்விட்டது. கூட்டம் விலகி வழி விட்டது. மகனோடு சேர்த்துப் பிடிபட்ட பையனின் அம்மா அவள் முன்னால் வந்து நின்றாள்.

"உன் புள்ள உனக்கு வேண்டாம்னா, எம் புள்ளையை ஏன்டி இழுத்துப் போட்ட?"

வால்வக்கா கூட்டம் விட்ட வழியே நடந்தாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஆணியில் இருந்த சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்பது பேர் சரி என்றதை நான் ஒருத்தி தப்பு என்றேனே, முகாம் தலைவன் கோபத்தில் முடியாது என்றுவிட்டால் என் பிள்ளை என்ன ஆவான் என்று நினைத்து நினைத்து, சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். யாரும் வந்து அவள் செய்தது சரி என்று சொல்லவில்லை.

காலையில் முகாம்கள் ஒப்புக்கொண்டன. எப்படி ஒப்புக்கொண்டன என்று பிறகு தெரிந்தது. இரண்டு காவலிலும் இருந்த பையன்களைத் தலைவர்கள் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள், மூன்று தட்டு என்பது உண்மையா என்று. உண்மை என்றிருக்கிறார்கள். மேட்டுப் பையன் ஒருவன், அது எங்க அம்மா தண்ணி பிடிக்கிற நேரம் சார் என்றானாம். ஒன்பதே முக்காலுக்குப் பத்துக் கையெழுத்தும் விழுந்தன. ஏழாவது விதியை அடித்துவிட்டு ஓரத்தில் கையால் எழுதினார்கள்: சோதனை மூன்று மணிக்கு மேல். பகல் பன்னிரண்டரை முதல் இரண்டு வரை ரோடு தண்ணீர் பிடிக்கிறவர்களுடையது. சாவியின் மூன்று தட்டே அதற்கு அறிவிப்பு. எழுதிய வக்கீலுக்குக் கையெழுத்து அன்றைக்குக் கொஞ்சம் கோணலாக வந்தது.

லாரி வந்தபோது மணி பன்னிரண்டு இருபது. அவள் சாவியோடு தொட்டி அருகே நின்றிருந்தாள், நிற்க வேண்டிய நேரம் அது. நான்கு பேருக்குப் பிறகு அவன் இறங்கினான். தாடி. பாதி உடம்பு. இடது கையில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. நேராக அவளை நோக்கி வந்து இரண்டடி தள்ளி நின்றான்.

"லாரியில ஏத்தி இறக்கினாங்கம்மா. ஏன்னு கேட்டேன். உங்கம்மா கையெழுத்துப் போடலைன்னாங்க." துணி சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினான். "இது நேத்து. பதினாலு மாசத்துல நடக்காதது நேத்து நடந்துச்சு. ரெண்டு விரல் போச்சு."

எலக்ட்ரீஷியனின் விரல். அவளுக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவன் கொடுக்கமாட்டான் என்பதும் தெரிந்தது. பம்பு நிலையத்தில் மோட்டார் உறுமத் தொடங்கிய சத்தம் காலுக்கடியில் கேட்டது. பன்னிரண்டரை.

"வீட்டுக்குப் போப்பா. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்றாள். திரும்பி, சாவியால் இரும்பு மூடியில் மூன்று தட்டுத் தட்டினாள்.

அவன் போகவில்லை. ரோட்டோரம் நின்றான். மேட்டு மூட்டைக்குப் பின்னால் துப்பாக்கி கீழே இறங்கியது. பள்ளத்து மூட்டைக்குப் பின்னாலும் இறங்கியது. ஒவ்வொரு சந்திலிருந்தும் குடமும் வாளியுமாகப் பெண்கள் வந்தார்கள், மேட்டிலிருந்தும் பள்ளத்திலிருந்தும், கர்ப்பிணி ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, ஐந்தாவது குழாய்க்கு இரட்டைப் பின்னலோடு ஒரு சின்னப் பெண். முந்தின நாள் வாசலில் மறித்தவளும் குடத்தோடு வந்தாள். வால்வக்காவின் முகத்தைப் பார்க்காமல் வரிசையில் நின்றாள். இருபத்தைந்து வருஷம் இதே ஊரில் வளர்ந்தவன் மகன். இந்த நேரத்தில் வேலையில் இருப்பான், இல்லையென்றால் சாப்பாட்டில் இருப்பான். இதை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை.

தொட்டி அருகே வந்து கேட்டான். "இத்தனை பேரா?"

"இன்னிக்குக் கம்மி. பயந்துக்கிட்டுப் பாதிப் பேர் வரலை."

"நாளைக்கு?"

"வருவாங்க."

இரண்டு மணிக்கு வால்வை மூட வேண்டும். திறப்பதைவிட மூடுவது கஷ்டம், உள்ளிருந்து தண்ணீர் எதிர்த்துத் தள்ளும். அவள் சாவியில் கை வைத்தபோது எதிர்க் கைப்பிடியில் அவன் வலது கை வந்து விழுந்தது. இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான். பதினாலு சுற்று.

மூடிய நேரத்தைப் பதிவேட்டில் எழுதினாள். அதில் 'உடனிருந்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. சண்டை தொடங்கிய நாளிலிருந்து அது காலியாகவே கிடந்தது. பதிவேட்டை அவனிடம் நீட்டினாள். பேனாவை வாங்கியவன் உடனே போடவில்லை. இன்றைய வரியைப் படித்தான். குறிப்புக் கட்டத்தில் 'கசிவு இல்லை' என்று மட்டும் இருந்தது. அதற்கு மேலே இருந்த வரி நேற்றையது. 'கசிவு இல்லை. மகன் வரவில்லை.' அதற்கு மேலும் அதே. பக்கத்தைப் புரட்டினான். அதிலும் ஒவ்வொரு நாளும், ஒரே கையெழுத்தில், ஒரே இரண்டு வாக்கியம். எந்த அதிகாரியும் திறந்து பார்க்காத பதிவேடு அது.

அவள் சாவியைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவன் பதினாலு மாதத்தையும் பின்னோக்கிப் புரட்டி, முழுசும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்.